ஃபியூஸ் பெட்டியும் கொங்கு நாட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியன்களும்

மோட்டார் வாகனத்தின் மின்சுற்றில் ஓர் அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் உருகி அறுந்து, அந்தச் சுற்றைத் துண்டிக்கும் சிறு உலோக இழையே ஃபியூஸ். பாடநூல்கள் இதை உருகி என்று அழைக்கின்றன. வாகனத்தின் ஃபியூஸ்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் அடுக்கி வைத்திருப்பது ஃபியூஸ் பெட்டி. விளக்கு எரியவில்லை, ஹார்ன் ஒலிக்கவில்லை, வைப்பர் நின்றுவிட்டது என்று வரும் வண்டியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதலில் திறந்து பார்ப்பது இதைத்தான்.

ஃபியூஸ் அறுந்திருப்பது பெரும்பாலும் பழுது அல்ல. வேறெங்கோ ஏற்பட்ட பழுதின் அடையாளம். அறுந்ததை மாற்றிவிட்டு வண்டியை அனுப்புவதற்கும், ஏன் அறுந்தது என்று தேடுவதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் இத்தொழிலின் தரம் அடங்கியிருக்கிறது. கோயம்புத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள கொங்குப் பகுதியிலும் பேருந்து, லாரி, கார் பட்டறைகளின் வழியாக இந்தத் திறன் எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஃபியூஸின் தோற்றம்

ஃபியூஸ் மோட்டார் வாகனத்துக்காக உருவானதல்ல. 1847ல் பிரான்சைச் சேர்ந்த லூயி பிரெகே, மின்னல் தாக்கும்போது தந்தி நிலையங்களின் கருவிகள் எரிந்துபோகாமல் இருக்க, கம்பியின் ஒரு பகுதியை மெல்லியதாக வைக்கலாம் என்று பரிந்துரைத்தார். மெல்லிய பகுதி முதலில் உருகும், கருவி தப்பிக்கும். 1890ல் தாமஸ் ஆல்வா எடிசன் தம் மின்விநியோக அமைப்பின் ஒரு பகுதியாக ஃபியூஸுக்குக் காப்புரிமை பெற்றார்.

தொடக்ககால மோட்டார் வண்டிகளில் ஃபியூஸுக்கு வேலை குறைவு. பல வண்டிகளில் எஞ்சினுக்கு வேண்டிய தீப்பொறியை மாக்னெட்டோ என்னும் காந்தக் கருவி தந்தது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினார்கள். இரவுப் பயணத்துக்கு அசிட்டிலின் வாயு விளக்குகளோ எண்ணெய் விளக்குகளோ இருந்தன. 1912ல் அமெரிக்காவின் காடிலாக் கார், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டருடன் வெளிவந்தது. ஸ்டார்ட்டர், விளக்கு, தீப்பொறி ஆகிய மூன்றும் ஒரே மின் அமைப்பில் இணைந்தன. அதன்பின் பேட்டரி கார்களின் இன்றியமையாத உறுப்பாயிற்று.

ஈய அமிலப் பேட்டரி குறைந்த வோல்ட் உடையது என்பதால் தொட்டால் அதிர்ச்சி தராது. ஆனால் அதன் இரு முனைகளும் நேராக இணைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அந்த ஓட்டத்தைத் தாங்காத ஒயர் சில விநாடிகளில் சிவந்து, மேலுறை தீப்பற்றும். காரில் இந்த ஆபத்து வீட்டைவிட அதிகம். வண்டியின் இரும்பு உடலே மின்சாரம் திரும்பும் வழியாகப் பயன்படுகிறது. பட்டறைகள் இதை எர்த் என்கின்றன. ஆகவே மேலுறை உரிந்த ஒயர் இரும்பில் எங்கே உரசினாலும் ஷார்ட் ஆகும். அதைத் தடுக்கவே ஃபியூஸ் வாகனங்களுக்குள் வந்தது.

பொள்ளாச்சிப் பேருந்தும் பைக்காரா மின்சாரமும்

கொங்கு நாட்டில் வாகன மின் அறிவு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. ஒன்று பேருந்து; மற்றொன்று மின் மோட்டார்.

கோவையை அடுத்த கலங்கல் ஊரில் 1893ல் பிறந்த ஜி. டி. நாயுடு, 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். அது பின்னர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பொள்ளாச்சியில் நாச்சிமுத்து கவுண்டர் நிறுவிய ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டும் இப்பகுதியின் முன்னோடி நிறுவனங்களில் ஒன்று. பேருந்து நடத்துபவருக்குப் பழுதான வண்டி என்பது அன்றைய வருமான இழப்பு. வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க முடியாது. எனவே பேருந்து நிறுவனங்களுடன் பட்டறைகளும் வளர்ந்தன. பழுதடைந்த டைனமோவைப் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றுவதும், பேட்டரித் தகடுகளை மாற்றுவதும் உள்ளூரிலேயே செய்யப்பட்டன.

நீலகிரியில் கட்டப்பட்ட பைக்காரா நீர்மின் நிலையம் 1932ல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவைப் பகுதியின் பஞ்சாலைகளுக்கும் கிணற்றுப் பம்புகளுக்கும் வந்தது. 1937ல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் பீளமேட்டில் தயாரித்த மின் மோட்டார், இந்தியாவிலேயே உருவான தொடக்ககால மோட்டார்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. மோட்டார் சுற்றும் தொழில் கோவையில் பரவியது. காயில் சுற்றுதல், மின்காப்பைச் சோதித்தல், ஷார்ட் ஆன இடத்தைக் கண்டறிதல் ஆகியவற்றைத் தெரிந்த கைகள் ஊரில் பெருகின. பம்பு மோட்டாருக்கும் வண்டியின் செல்ஃப் மோட்டாருக்கும் அடிப்படை ஒன்றே.

கல்வி நிறுவனங்களும் இதற்குத் துணை நின்றன. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926ல் தொழிற்கூடம் ஒன்றை நிறுவியது. ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் 1945ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. அதுவே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. விடுதலைக்குப் பின் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவு கற்பிக்கப்பட்டது. இருப்பினும், ஆட்டோ எலக்ட்ரீஷியன்களில் பெரும்பாலோர் பட்டறைகளில் உதவியாளராகச் சேர்ந்து, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதிலிருந்து படிப்படியாகக் கற்றவர்களே.

இரண்டு ஃபியூஸ் காலம்

1950களின் பிற்பகுதியில் அம்பாசிடர் கார் உற்பத்தி தொடங்கியது. அது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் காரை அடிப்படையாகக் கொண்டது. அக்கால பிரிட்டிஷ் கார்களின் மின் அமைப்பை லூகாஸ் நிறுவனம் வகுத்தது. 1961ல் டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் இணைந்து லூகாஸ்–டி.வி.எஸ். நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கின. டைனமோ, ஸ்டார்ட்டர் போன்றவை தமிழ்நாட்டிலேயே உற்பத்தியாயின.

இந்த வகைக் கார்களில் இரண்டே ஃபியூஸ்கள் இருப்பது வழக்கம். ஒன்று, சாவி போடாதபோதும் மின்சாரம் இருக்க வேண்டிய ஹார்ன், உள்விளக்கு போன்றவற்றுக்கு. மற்றொன்று, சாவி போட்டால் மட்டும் இயங்கும் வைப்பர், பெட்ரோல் முள், திசைகாட்டி விளக்கு, பிரேக் விளக்கு போன்றவற்றுக்கு. முன்விளக்குக்கும் எஞ்சின் தீப்பொறிக்கும் ஃபியூஸே கிடையாது.

இது மறதியால் விடப்பட்டதல்ல. ஃபியூஸ் அறுந்தால் அந்தக் கிளை முழுதும் உடனே நின்றுவிடும். ஓடும் வண்டியில் முன்விளக்கு திடீரென அணைவது, ஒயர் சூடாவதைவிட ஆபத்தானது என்று வடிவமைத்தவர்கள் கருதினர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. திம்பம் மலைப்பாதையில் 27. இத்தகைய சாலையில் இரவில் வண்டி ஓட்டுபவருக்கு அந்த முடிவின் பொருள் எளிதில் விளங்கும். பிற்காலக் கார்களில் இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் தனித்தனி ஃபியூஸ் வைத்து இச்சிக்கல் தீர்க்கப்பட்டது. ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும். எது எதனோடு சேர்ந்து அணையலாம், எது அணையவே கூடாது என்ற முடிவுகளின் வரைபடமே ஃபியூஸ் பெட்டி.

அந்த வரைபடத்தைப் படிப்பதுதான் பழுதறிதலின் முதற்படி. வைப்பர், பெட்ரோல் முள், பிரேக் விளக்கு மூன்றும் ஒருசேர நின்றால், அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸையோ அதற்கு மின்சாரம் வரும் வழியையோ பார்க்க வேண்டும். வைப்பர் மட்டும் நின்றால் ஃபியூஸைத் தொட வேண்டியதில்லை. வைப்பர் மோட்டார், சுவிட்ச், எர்த் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஒயரின் நிறமும் வழிகாட்டியது. லூகாஸ் முறையில் பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை, சாவிக்குப் பின் ஃபியூஸ் இல்லாமல் செல்வது, பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் பின் செல்வது, கறுப்பு, எர்த். ஆங்கிலக் கையேட்டைப் படிக்க இயலாதவர்களும் இந்த நிறங்களை மனப்பாடமாக வைத்திருந்து வேலை செய்ய முடிந்தது.

கம்பி சுற்றும் பழக்கம்

ஃபியூஸ் அறுந்து, மாற்று ஃபியூஸ் கையில் இல்லாதபோது, அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைப்பதும் நீண்டகாலப் பழக்கம். வீட்டு மின்பலகையில் ஃபியூஸ் கம்பி போடும் வழக்கம் இருந்ததால் இது தவறாகத் தோன்றவில்லை. வண்டியும் ஓடியது.

ஆனால் ஃபியூஸின் அளவு, அது காக்கும் ஒயரின் தாங்குதிறனைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகிறது. கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயரும். 10 ஆம்பியர் தாங்கும் ஒயரில் 20 ஆம்பியர் பாய்ந்தால் வெப்பம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. ஃபியூஸ் இருக்குமிடத்தில் தடித்த கம்பி இருந்தால், அந்தக் கம்பி உருகுவதற்கு முன் டாஷ்போர்டுக்குப் பின்னால் செல்லும் மெல்லிய ஒயர் உருகும். பெட்ரோல் குழாய்க்கும் இருக்கைப் பஞ்சுக்கும் அருகே ஒயர்கள் ஓடும் வாகனத்தில் இதன் விளைவு தீ.

எண்ணைப் பார்த்து மாற்றுபவரும் ஏமாறுவதுண்டு. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று அச்சிட்டிருந்தால், அது அறுந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதியான 17.5 ஆம்பியர்தான். பிற்கால ஃபியூஸ்களில் அச்சிடப்படும் எண் வேறு முறையைச் சார்ந்தது. பழைய காரில் 35 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் புதுவகை ஃபியூஸை மாட்டினால், பாதுகாப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும்.

பல்பு வைத்துத் தேடும் முறை

போட்டவுடன் ஃபியூஸ் அறுகிறது என்றால் எங்கோ நேரடி ஷார்ட் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புது ஃபியூஸ் போட்டுச் சோதித்தால் ஃபியூஸ்கள் வீணாவதோடு ஒயரும் சூடேறும். இதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் எளிய முறை, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இணைப்பது. 12 வோல்ட்டில் அந்தப் பல்பு சுமார் 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது. எனவே ஒயருக்குக் கேடில்லை. ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு ஒளியுடன் எரியும். அந்த ஃபியூஸிலிருந்து பிரியும் கிளைகளின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, எதைக் கழற்றியதும் பல்பு அணைகிறதோ அல்லது மங்குகிறதோ அந்தக் கிளையில்தான் பழுது. பின்னர் அந்தக் கிளையின் ஒயரைக் கையால் அசைத்தபடி சென்றால், உரசும் இடம் வரும்போது பல்பு மினுங்கும்.

அறுந்த ஃபியூஸின் தோற்றமும் செய்தி சொல்லும். கண்ணாடி தெளிவாக இருந்து இழை நடுவில் மட்டும் அறுந்திருந்தால் மெதுவாகக் கூடிய சுமை காரணமாக இருக்கலாம். கண்ணாடி உட்புறம் கறுத்தோ வெள்ளி பூசியதுபோலவோ இருந்தால் நேரடி ஷார்ட்டில் இழை வெடித்து ஆவியாகியிருக்கிறது.

ஃபியூஸ் அறாமலேயே பெட்டி உருகும் பழுதும் உண்டு. ஃபியூஸைப் பிடிக்கும் கவ்வி தளர்ந்தோ களிம்பேறியோ போனால் அந்த இடத்தில் மின்தடை கூடுகிறது. 10 ஆம்பியர் பாயும்போது கவ்வியில் 0.5 வோல்ட் இழக்கப்பட்டால் அங்கே 5 வாட் வெப்பம் உண்டாகும். மின்னோட்டம் அளவுக்கு மீறாததால் ஃபியூஸ் அறாது. ஆனால் அந்தச் சிறு இடத்தில் பிளாஸ்டிக் இளகும். பெரிய ஃபியூஸ் போடுவதால் இது தீராது. கவ்வியைச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். அல்லது பெட்டியை மாற்ற வேண்டும்.

வரைபடத்தில் இல்லாத ஒயர்கள்

கொங்குப் பகுதியின் வாகனத் தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நாமக்கல் லாரித் தொழிலுக்கும் லாரி பாடி கட்டுவதற்கும், கரூர் பேருந்து பாடி கட்டுவதற்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்றவை. வாகன நிறுவனம் சேஸிஸ் மட்டும் தரும். அதன்மேல் பாடி இங்கே கட்டப்படும். உள்விளக்கு, பக்கவிளக்கு, கூடுதல் ஹார்ன், ஒலிப்பெருக்கி ஆகியவற்றுக்கான ஒயரிங் பாடி கட்டும் இடத்தில்தான் போடப்படுகிறது. நிறுவனத்தின் மின்வரைபடம் சேஸிஸோடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் உள்ள ஒயர்களின் வழி, அவற்றைப் போட்டவருக்கே தெரியும்.

இதனால் இப்பகுதி எலக்ட்ரீஷியன்கள் வரைபடத்தை நம்புவதைவிட வண்டியையே படித்துப் பழுது காணப் பழகினர். கனரக வண்டிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுவர். 12 வோல்ட் ரேடியோவுக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தால், அது மற்றதைவிட முன்னதாகத் தளரும். செல்ஃப் எடுக்கவில்லை என்று வரும் லாரியில் இரு பேட்டரிகளையும் தனித்தனியே அளந்து பார்ப்பது இதனால்தான்.

கோவையே வாகன மின் உதிரிபாகங்களை உருவாக்கும் இடமாகவும் மாறியது. 1970ல் தொடங்கப்பட்ட ரூட்ஸ் நிறுவனம் ஹார்ன்களுக்குப் பெயர்பெற்றது. 1970களின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்தில் தொடங்கிய பிரீமியர் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், பின்னாளில் பிரிக்கால் என்ற பெயரில் டாஷ்போர்டு மீட்டர்களைத் தயாரித்து நாடெங்கும் அனுப்பியது.

வண்ணத் தகடுகள்

1976ல் அமெரிக்காவின் லிட்டல்ஃபியூஸ் நிறுவனம் வாகனங்களுக்கான தகடு ஃபியூஸை உருவாக்கியது. பிளாஸ்டிக் உடலும் இரு தட்டையான கால்களும் கொண்ட இது படிப்படியாக உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின் ஜப்பானிய வடிவமைப்பு பரவலாயிற்று. அடுத்தடுத்து வந்த கார்களில் தகடு ஃபியூஸ்களே பொதுவாயின.

இவற்றின் அளவை நிறமே காட்டும். 7.5 ஆம்பியர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. கவ்வியில் கம்பி சுற்றுவது இதில் எளிதல்ல. ஆனால் 10 இருந்த இடத்தில் 30 மாட்டுவது எளிது. எல்லாவற்றுக்கும் கால்களின் அளவு ஒன்றே. கம்பி சுற்றும் பழக்கம் இந்த வடிவில் தொடர்ந்தது. அத்துடன், அதிக வாட் விளக்குகளையும் ஒலிப்பெருக்கிகளையும் பொருத்துவோர், இருக்கும் ஒயரை உரித்து அதிலிருந்தே மின்சாரம் எடுப்பதும் பெருகியது. 60 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். 100 வாட் விளக்கு எட்டுக்கு மேல் எடுக்கும். ஒயரும் சுவிட்சும் பழையனவாகவே இருக்க, சுமை மட்டும் கூடுகிறது. பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி ரிலே, தனி ஃபியூஸ் ஆகியவற்றைக் கொண்டு இணைப்பதே முறையான வழி.

கணினி வந்த பின்

எஞ்சினைக் கணினி கட்டுப்படுத்தத் தொடங்கியதும் பழுதறியும் முறை மாறியது. 1986ல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் எனும் தகவல் இணைப்பு, வாகனத்தின் பல கணினிகளை இரண்டே ஒயர்களால் பேசவைத்தது. பழுதுக்குறியீட்டைக் காட்டும் ஸ்கேனர் பட்டறைகளுக்குள் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளால் வாகனங்களில் சென்சார்கள் மேலும் பெருகின.

பழைய கருவிகள் சில இடங்களில் தீங்காயின. சென்சார்களின் 5 வோல்ட் ஒயர்களில் பல்பு வைத்துச் சோதித்தால், அது இழுக்கும் மின்னோட்டம் கணினியைக் கெடுத்துவிடக்கூடும். அங்கே மிகக் குறைந்த மின்னோட்டம் எடுக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரே ஏற்றது.

இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கும் பழுதைக் காணும் முறையும் திருத்தப்பட்டது. நிறுத்தி வைத்த காரில் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் மின்னோட்டம் இருக்கலாம். அது 500 ஆனால் ஒரு நாளில் 12 ஆம்பியர் மணி நேரம் செலவாகும். 35 ஆம்பியர் மணி நேரப் பேட்டரி மூன்று நாளில் காலியாகும். முன்பு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கியதும் ஓட்டம் குறைகிறது என்று பார்த்தார்கள். இன்றைய காரில் ஃபியூஸைப் பிடுங்கி மாட்டினால் உறங்கிய கணினிகள் விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பும். எனவே ஃபியூஸைக் கழற்றாமல், அதன் தலையில் உள்ள இரு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லி வோல்ட் அளக்கிறார்கள். மின்னோட்டம் இல்லாத ஃபியூஸில் வோல்ட் இழப்பு இராது. இழப்பு காட்டும் ஃபியூஸின் கிளையில் ஏதோ இயங்கிக்கொண்டிருக்கிறது.

ஸ்கேனர் பழுதின் பெயரைச் சொல்கிறது. காரணத்தை எப்போதும் சொல்வதில்லை. ஒரே ஃபியூஸின் கீழ் உள்ள நான்கு சென்சார்களுக்கும் குறியீடு வந்தால், நான்கும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸ், ரிலே, எர்த் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். எது எதோடு சேர்ந்து நின்றது என்ற பழைய அம்பாசிடர் காலக் கேள்விதான் இங்கும் விடை தருகிறது. அதைக் கேட்காதவர் வாடிக்கையாளரின் செலவில் நான்கு சென்சார்களை மாற்றுவார்.

வாகன உரிமையாளர் நினைவில் கொள்ள வேண்டியவை குறைவு. அறுந்த ஃபியூஸுக்குப் பதில் பெட்டியின் மூடியில் குறித்துள்ள அதே அளவை மட்டும் போட வேண்டும். ஒரு முறை அறுந்தால் மாற்றிப் பார்க்கலாம். உடனே மறுபடி அறுந்தால் அந்தக் கிளையை இயக்காமல் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கருகிய வாசனை வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். புகையோ தீயோ இல்லையென்றால் மட்டுமே பேட்டரி இணைப்பைக் கழற்றலாம்.